முதல் குவளை

டிரினிட்டி சர்க்கிளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது, மறுநாளைக்கு விறகு பிளந்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. நின்றேன். இனி அது என் வேலை இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. மறுபடி நடந்தேன்.

தோளில் ஒரு கம்பளி. அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு அலுமினியக் குவளை. வேட்டிகளில் ஒன்று புதிது. அன்று காலை அல்சூரில் ஒரு வீட்டின் பின்கேட்டில் வைத்து அந்த வீட்டுப் பெரியவர் கொடுத்தது. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அது எனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்படித்தான். அரக்கோணத்தில் ரயிலுக்குக் கரி அள்ளினேன். கோலாரில் சுரங்கத்துக்கு வெளியே மண் சுமந்தேன். சிக்மகளூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தேன். காய்ச்சல் வந்தது, அனுப்பிவிட்டார்கள். அல்சூர் வீட்டில் மட்டும்தான் சில வருஷங்கள் ஒரே இடமாக இருந்தேன். கூழ் இருந்தது, படுக்க விறகுக் கொட்டகை இருந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் தோன்றவில்லை.

அந்த வீட்டில் நான் கூழ் காய்ச்சினேன். வீட்டாருக்கு அல்ல. தினமும் காலையில் பின்கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கிறவர்களுக்கு.

பெரியவரின் தகப்பனார் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் சப்ளை செய்து சம்பாதித்தவர். பிளேக் வந்தபோது இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். கைக்குழந்தையாக இருந்த மூன்றாவது பிழைத்தால் தினமும் ஏழைகளுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். பிழைத்தது. அந்தக் குழந்தைதான் நான் பார்த்த பெரியவர்.

கூழ் காய்ச்சி வைத்தும் முதலில் யாரும் வரவில்லையாம். பணக்காரர்களும் சர்க்காரும் சேர்ந்து ஏழைகளுக்கு விஷம் வைத்து நோயை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதனால் தகப்பனார் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, அதே அண்டாவிலிருந்து ஒரு குவளை மொண்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தார். அதற்குப் பிறகுதான் வந்தார்கள். பிளேக் போய்விட்டது. குடிக்கிற வழக்கம் போகவில்லை. முதல் குவளையை வீட்டு ஆள் ஒருவர் வரிசைக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டும். குடித்ததும் வரிசையில் முதலாவதாக நிற்பவர் "உப்பு?" என்று கேட்பார். வீட்டு ஆள் "சரி" என்பார். அப்புறம்தான் கரண்டியை எடுப்பது.

நான் போன காலத்தில் வரிசையில் எப்போதும் முதல் ஆள் ஒரு கீரைக்காரம்மாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் சும்மாடு அப்படியே இருக்க, பெரியவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லோருமே கழுத்தைத்தான் பார்ப்பார்கள். வாய் வைத்தது கணக்கில்லை. தொண்டை ஏறி இறங்க வேண்டும்.

நானும் முதலில் அந்த வரிசையில் நின்றவன்தான். தோட்டத்திலிருந்து வந்து, வேலை கிடைக்காமல், அங்கே குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காய்ச்சுகிறவர் வரவில்லை. துடுப்பு பிடிக்கத் தெரியுமா என்று பெரியவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். நான் போனேன். பழைய ஆள் அப்புறமும் வரவில்லை.

முதல் நாள் மாலையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் நொய்யை வேகவைத்து, மாவைச் சாய்த்து, அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். அரிசி கிடைக்காத அந்த வருஷங்களில் நொய்யை விட்டுவிட்டு வெறும் கேழ்வரகில் காய்ச்சினோம். ஆறிய பிறகு மோர், வெங்காயம், உப்பு. அவ்வளவுதான் வேலை. தோளில் வலி இருக்கும். பிறகு அது வலி என்று தெரியாது.

பெரியவருக்குத் தொண்டையில் ஏதோ வந்தது. கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தார்கள். இட்லியைக்கூட மோரில் கரைத்துத்தான் விழுங்கினார். காலையில் கூழ்க் குவளையை மட்டும் விடவில்லை. ஆனால் குடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரி" என்பார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தொண்டை முழுக்க அடைத்துக்கொள்வதற்குள் வீட்டில் யாராவது அந்தக் குவளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதை என்னிடம்கூடச் சொல்வார். விறகுக் கொட்டகைப் பக்கம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்கப்புறம் யாருப்பா?" என்பார். நான் கிண்டிக்கொண்டிருப்பேன். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மகன், மகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். நான் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தார். மகன் ஒரு புதுத் தொழிற்சாலையில் அதிகாரி, ஸ்கூட்டர் வைத்திருந்தவர். நல்ல மனுஷர்தான். அவர் சொன்னார்:

"அப்பா, இந்தக் காலத்துல கூழ் எதுக்கு? பின்கேட்டுப் பக்கம் ஒரு ரூம் கட்டிடலாம். தாத்தா பேர்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் டாக்டர் வருவாரு. மருந்து குடுக்கலாம். ஜனங்களுக்கு அதான் யூஸ்."

"கட்டு. நல்லதுதான். மருந்தை முதல்ல நீ குடிப்பியா?"

"அது எப்படிப்பா குடிக்கிறது?"

"அப்ப கட்டு. கூழும் இருக்கட்டும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் நாள் பிரித்தது பிரித்ததுதான்.

கொஞ்ச வாரம் வந்தார்கள். மகன் ஒரு திங்கட்கிழமை வந்து பாதி குடித்துவிட்டு, அன்று முழுக்க வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த திங்கள் ஒரு கூடை ரொட்டி வாங்கி அனுப்பினார். மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் கிரிக்கெட் ஆடப் போகிற பூட்ஸோடு வந்தான். குவளையை வாயில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, எடுத்தான்.

"அண்ணாத்தே, தொண்டை அசையலியே" என்றாள் கீரைக்காரம்மாள்.

"குடிச்சுட்டேன்."

"எங்க குடிச்சே? குவளையக் கவுத்துக் காட்டு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் குவளையை அண்டா மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. மகன் மனைவி, வாசலில் நிற்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேலி பண்ணுகிறார்கள் என்று இரண்டு நாள் சத்தம் போட்டார். மறுபடி எல்லா நாளும் பெரியவருடையதே ஆனது.

அப்போதுதான் நான் உப்பைக் குறைத்தேன். உப்பும் புளிப்பும்தான் தொண்டையில் எரிகிறது என்று அவரே ஒருநாள் மருந்துக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்க முடியாது. எல்லோரும் பார்க்க அண்டாவிலிருந்துதான் மொள்ள வேண்டும். அதனால் அண்டாவுக்கே குறைத்தேன். முதலில் பாதி. பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் போடவே இல்லை. மோரையும் தண்ணீராக்கினேன். அவர் குடிப்பது சற்று சுலபமானது. "சரி" என்று சொல்லும்போது துண்டை எடுக்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது ருசியே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் விநோதமாக இருந்தது. ஒருநாள் தண்ணீர் எடுக்கப் பக்கத்துச் சந்துக்குப் போனபோது பார்த்தேன். கீரைக்காரம்மாள் சந்து முனையில் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூழ் வாங்கியவர்கள் அவளிடம் வந்து குவளையை நீட்டினார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு குவளையிலும் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு, "போ, போ" என்றாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கறே? உன் வேலையப் பாத்துகினு போ."

தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படி எவ்வளவு காலம் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் காலை பெரியவர் குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார். உள்ளே இறங்கவில்லை. மூக்கு வழியாக வந்துவிட்டது. இருமினார். நாற்காலியில் உட்கார வைத்தேன். மறுபடி குவளையைக் கேட்டார். மறுபடியும் அப்படியே ஆனது. சட்டையெல்லாம் கூழ்.

வரிசை நின்றுகொண்டிருந்தது. கூழ் ஆறி, மேலே ஆடை கட்ட ஆரம்பித்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அண்டாவில் ஒரு குவளை மொண்டு நானே குடித்தேன்.

"நீ குடிச்சா கணக்கா?" என்றாள் கீரைக்காரம்மாள். "நீ எங்க ஆளுப்பா."

பின்னால் யாரோ ஒருவர், "அவனுக்கு வெஷம் வெச்சாகூட ஒண்ணும் ஆவாது" என்றார். சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒருவரும் குவளையை நீட்டவில்லை. பசி இருந்தது. பார்த்தாலே தெரிந்தது. இருந்தும் நீட்டவில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பேத்தி வந்தாள். மகனின் பெண். காலேஜில் முதல் வருஷம். பஸ் நிற்கும் இடம் பின்பக்கச் சாலையில் என்பதால் தினமும் பின்கேட் வழியாகத்தான் போவாள். வரிசையைப் பார்க்காமல், புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓரமாக நடந்து போய்விடுவாள். அவளுக்கென்று பிரித்த நாளில் அவள் வந்ததே இல்லை.

"ஏம் பாப்பா" என்றாள் கீரைக்காரம்மாள். "உங்க ஊட்டுக் கூழு உங்க வாய்க்கு ஆவாதா?"

அவள் நின்றாள். "யார் சொன்னது?"

"யார்னா சொல்லணுமா? எங்களுக்குக் கண்ணு கீது இல்ல?"

"எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"போ தாயி. உனக்குப் பஸ்ஸு. எங்களுக்கு இன்னா அவசரம், நிக்கறோம்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. தாத்தா மேல் இரக்கப்பட்டு அவள் வந்தாள் என்று பிற்பாடு வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அது கோபம். புத்தகங்களைக் கேட் தூண்மேல் பொத்தென்று வைத்தாள். தாத்தா கையில் இருந்த குவளையைக்கூட வாங்கவில்லை. என் கையிலிருந்ததைப் பிடுங்கி, அண்டாவில் விட்டு மொண்டாள். ஒரே மூச்சில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"உப்பு?" என்றாள் கீரைக்காரம்மாள். பழக்கத்தில் கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உப்பே இல்ல" என்றாள் பெண். "மோரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயில வைக்க முடியல. இதையா தினமும் குடுக்கறீங்க?"

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார். குரல் சரியாக வரவில்லை.

"கொஞ்ச நாளாங்க ஐயா" என்றேன்.

கீரைக்காரம்மாள், "எங்களுக்கு இதான் சாமி பயக்கம். உப்பு சாப்ட்டா எனக்குக் காலு வீங்குது" என்றாள்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "ஏன் உப்பு போடல?"

"மறந்துட்டேம்மா."

"தினமுமா மறப்பே?"

அவள் சமையலறைக்குள் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, கைநிறைய அள்ளிப் போட்டு, துடுப்பால் அவளே கிண்டினாள். மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இப்ப சரி" என்றாள். வரிசை நகர்ந்தது. அவள் பஸ் போய்விட்டது.

மறுநாள் தானாகவே வந்தாள். அதற்கு மறுநாளும். ஒரு தங்கையையும் அத்தை பெண் ஒருத்தியையும் எழுப்பிக் கூட்டி வந்தாள். வரிசையில் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பெஞ்சு போட வைத்தாள். குவளை இல்லாதவர்களுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். கீரைக்காரம்மாளோடு தினமும் சண்டை.

"பாப்பா, இன்னிக்கு உப்பு ஜாஸ்தி."

"உனக்குத்தான் கால் வீங்குமே, நீ குடிக்காதே."

"அது போன மாசம். இந்த மாசம் வீங்கல."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் தெரியவில்லை. விறகு பிளந்தேன்.

அவள் சும்மா குடிப்பதோடு நிற்கிறவள் இல்லை. காய்ச்சுவதை வந்து பார்த்தாள். மாவு கரைக்கும்போது பார்த்தாள். உப்பை அவள் கையால்தான் போட வேண்டும் என்றாள். ஒருநாள் தாத்தாவிடம் உரக்கவே கேட்டாள். கொட்டகையில் எனக்குக் கேட்டது.

"வேண்டுதல் யாரோடது தாத்தா? நம்பளோடது. குடிக்கறது நாம, காய்ச்சறது கூலிக்கு ஒரு ஆளா? அதனாலதான் உப்பில்லாம, மோரில்லாம இத்தனை நாளும் ஊத்தியிருக்கான், யாரும் கேக்கல. நாங்க மூணு பேர் இருக்கோம். நாங்களே காய்ச்சறோம்."

அதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரையில் அது சரிதான்.

சாயங்காலம் பெரியவர் கொட்டகைக்கு வந்தார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். பேசினால் வலிக்கும் என்பதால் சுருக்கமாகத்தான் பேசுவார்.

"பாப்பா அவளே செய்யறேங்கறா."

"கேட்டுதுங்க ஐயா."

"உப்பு விஷயம் அவகிட்ட சொல்லிடட்டுமா?"

நான் கேழ்வரகு மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் கத்தியது அவளுக்கே தெரியும். தாத்தாவுக்காக வரிசை முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றதும் தெரிய வரும். அதற்குப் பிறகு அந்தக் கேட்டில் அவளால் சத்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது. வெட்கத்தில் ஒருநாள் எழாமல் இருப்பாள். பிறகு இன்னொரு நாள்.

"வேண்டாங்க" என்றேன். "சொன்னா வர மாட்டாங்க."

"ஆமா" என்றார். "எழுந்து வராளே. அது போதும்" என்றார்.

வீட்டில் வேறு வேலை பார்க்கிறாயா, தோட்டம், மாடு என்று கேட்டார். மாடு எனக்கு ஒத்துவராது என்றேன். அது பொய். மாடு எனக்கு ஒத்துவரும். கூழ் வாசனை அடிக்கிற இடத்தில் சும்மா இருக்க முடியும் என்று தோன்றவில்லை. அவர் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை அவர்களே காய்ச்சினார்கள். நான் கம்பளியைச் சுருட்டி வைத்துவிட்டு, குவளையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் வரிசையில் நின்றேன். பெண் வெளியே வந்து முதல் குவளையைக் குடித்தாள்.

"உப்பு?"

"சரி."

என் முறை வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். கூழில் அங்கங்கே மாவுக்கட்டி இருந்தது. உப்பு சரியாக இருந்தது. நான் ரொம்ப நாள் கழித்து உப்புப் போட்ட கூழ் குடித்தேன். பெரியவர் நாற்காலியிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டு வேட்டியைக் கொடுத்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அது எனக்குக் கூச்சமாக இருந்தது.

சந்து முனையில் கீரைக்காரம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் முடிச்சு இல்லை.

"எங்க போறே?"

"தெரியல."

"சோறு போடற எடமாப் பாத்துப் போ" என்றாள். ஒரு கட்டு அரைக்கீரையை எடுத்து நீட்டினாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வேண்டாம் என்றேன். "அதுவும் சரிதான்" என்று திரும்பக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்டின் டவுன் வழியாக நடந்தேன். மத்தியானம் ஒரு குழாயடியில் தண்ணீர் குடித்தேன். விவேக் நகர்ப் பக்கம் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் கம்பளியை விரித்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

விடிவதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. கை பழக்கத்தில் தீப்பெட்டியைத் தேடியது. அந்தப் பெண் எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பக்கம் நான் அப்புறம் போகவே இல்லை.

வெயில் வந்த பிறகு தெருமுனையில் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தேன். சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று கல்மேல் ஒரு பெரிய தார் டிரம், அடியில் விறகு. மேஸ்திரி கன்னடக்காரர். டிரம்மை விட்டுவிட்டு எங்கோ போய்விட்ட ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கெலசா பேக்கா?" என்றார். வேலை வேண்டும் என்று தலையை ஆட்டினேன். என் கம்பளியைப் பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்:

"முன்னாடி என்னா வேலை மாடிட்டு இருந்தே?"

"கூழ் காய்ச்சினேன்."

அவர் சிரித்தார். சுற்றி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"அப்ப இதையும் கிண்டு. ஆனா குடிச்சுப் பாத்துடாதே."

ஒரு நீளக் கம்பியைக் கையில் கொடுத்தார். புதுவேட்டியை மடித்துக் கம்பளிக்குள் வைத்து, கம்பளியை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். தார் கூழைவிடக் கனம். அடியிலிருந்து இழுத்துக் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும். மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அடுத்த டிரம்மைப் பார்க்கப் போனார்.